சம்பாதிக்கிறாள், சரி, ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறதா?

மகளிர் தினக் கூட்டங்களில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வரும். ‘பெண்கள் வேலைக்குப் போக வேண்டும்’ என்பது ஒன்று. ‘சொந்தக் காலில் நிற்க வேண்டும்’ என்பது இன்னொன்று. முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்று பேசுகிறவரும் நினைக்கிறார், கைதட்டுகிறவரும் நினைக்கிறார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் பாட்டிகள் வேலைக்குப் போகாமலா இருந்தார்கள்? நாற்று நட்டார்கள், களை எடுத்தார்கள், செங்கல் சுமந்தார்கள். வேலை செய்தாலே அதிகாரம் வந்துவிடும் என்றால், நடவு நட்டவர்கள்தான் ஊரை ஆண்டிருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான பேச்சும் உண்டு. ‘இப்போதெல்லாம் பொம்பளைங்க கையிலதான் காசு. குழுக்கடன், உரிமைத்தொகை, ஓசி பஸ். இதுக்கு மேல என்ன வேணும்?’ டீக்கடையில் இதைக் கேட்காத ஆள் இருக்க முடியாது.

இரண்டு பேச்சிலும் ஒரே குழப்பம்தான் இருக்கிறது. வேலை, வருமானம், அதிகாரம் என்ற மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழைத்து விடுகிறோம். இந்தக் கட்டுரையில் மூன்றையும் பிரித்துப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் பக்கத்து இடங்களிலிருந்தும் எடுத்திருக்கிறேன்.

கத்தரிக்காய்க் கடையில் தொடங்கலாம்

சந்தையில் கத்தரிக்காய் கிலோ அறுபது என்கிறார் கடைக்காரர். நாற்பதுக்குக் கேட்கிறீர்கள். கட்டுப்படியாகாது என்கிறார். நீங்கள் பையை மடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைக்கிறீர்கள். ‘சரி வாங்கக்கா, அம்பதுக்கு எடுத்துக்குங்க’ என்று குரல் வருகிறது.

பத்து ரூபாயைக் குறைத்தது உங்கள் பேச்சுத்திறமை என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டு எட்டுதான் குறைத்தது. பக்கத்தில் இன்னொரு கடை இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இதே நீங்கள், இரவு ஒன்பது மணிக்கு, வீட்டில் விருந்தாளி உட்கார்ந்திருக்க, திறந்திருக்கும் ஒரே கடைக்குப் போகிறீர்கள். என்ன பேசினாலும் அறுபதுதான். உங்கள் வாய் அப்படியே இருக்கிறது, விலகிப் போக வழிதான் இல்லை. கடைக்காரருக்கும் இதே கதைதான். சாயங்காலம் கீரை வாட ஆரம்பித்துவிட்டால் அவர் குரல் தானாக இறங்கிவிடும்.

பேரம் படியாவிட்டால் ஒருவருக்கு வேறு என்ன வழி இருக்கிறதோ, அதிலிருந்துதான் அவருடைய பலம் வருகிறது. இந்தப் பலத்தைப் பொருளாதாரத்தில் ‘பேர வலிமை’ என்கிறார்கள். இந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இதன் கிளைகள்.

வீட்டுக்குள்ளும் பேரம் நடக்கிறது

குடும்பத்தைச் சந்தையோடு ஒப்பிடுவது பலருக்குப் பிடிக்காது. எனக்கும் முதலில் உறுத்தியது. ஆனால் பொருளியலாளர் அமர்த்தியா சென் 1990-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை அழகாக விளக்குகிறார். குடும்பத்தில் எல்லோரும் ஒத்துழைக்கிறார்கள், அதே சமயம் யாருக்கு எவ்வளவு என்ற இழுபறியும் இருக்கிறது. சேர்ந்து வாழ்வதில் எல்லோருக்கும் லாபம்தான். அந்த லாபத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் முரண்பாடு. உறவு முறிந்தால் யார் கை அதிகம் வெறுமையாகுமோ, அவருக்குப் பங்கு குறைகிறது.

யாரும் ‘நான் போய்விடுவேன்’ என்று மிரட்டத் தேவையில்லை. அது சொல்லாமலே வேலை செய்யும். மகளை மேலே படிக்கவைப்பதா, நகையை அடகு வைப்பதா என்ற பேச்சு வரும்போது யார் குரல் தாழ்கிறது என்று கவனித்தால் போதும்.

மாதம் பன்னிரண்டாயிரம் சம்பாதிக்கும் இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் சம்பளம் அவர் பெயரிலுள்ள கணக்கில்தான் ஏறுகிறது. ஆனால் ஏடிஎம் கார்டு கணவர் பர்ஸில் இருக்கிறது, ரகசிய எண்ணும் அவருக்குத்தான் தெரியும். இன்னொருவர் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறார், அம்மா வழியில் வந்த அரை சென்ட் வீடு அவர் பெயரில் இருக்கிறது. புள்ளிவிவரத்தில் இருவரும் ஒன்று. வாழ்க்கையில் ஒன்றா?

வங்கதேசத்துப் பின்னணி கொண்ட பொருளியலாளர் நைலா கபீர் 1999-ல் இந்த வித்தியாசத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். கையில் வந்து சேரும் வளம், அதைக் கொண்டு முடிவெடுக்கும் ஆற்றல், அந்த முடிவால் கிடைக்கும் பலன். இந்த மூன்றும் ஒரு பெண்ணிடம் வந்து சேர்வதற்குப் பெயர்தான் ‘பொருளாதார அதிகாரம்’. சம்பளம் இதில் முதல் பகுதி மட்டும். நாம் அந்த முதல் பகுதியை எண்ணிவிட்டு மூன்றும் முடிந்தது என்று எழுதிக்கொள்கிறோம்.

இது வெறும் தத்துவம் இல்லை என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக்கான கூலி, வழக்கம்போலக் குடும்பத் தலைவர் கணக்குக்குப் போகாமல், சில ஊர்களில் பெண்ணின் சொந்தக் கணக்குக்கே போகும்படி செய்து பார்த்தார்கள். கணக்கை எப்படிக் கையாள்வது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பிற்பாடு வெளிவேலைக்கு அதிகமாகப் போனார்கள். கூலி விகிதம் மாறவில்லை, காசு போய்ச் சேரும் இடம்தான் மாறியது.

இன்னொன்று திருவனந்தபுரம் மாவட்டத்தில் பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் நடத்தியது. சொந்தமாக நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவரிடம் அடி வாங்கியிருந்தார்கள். இரண்டும் வைத்திருந்தவர்களில் அது 7 சதவீதம். வீடு தன் பெயரில் இருந்தால் ‘வெளியே போ’ என்று சொல்ல முடியாது. கத்தரிக்காய்க் கடையில் வைத்த இரண்டு எட்டு இங்கே ஒரு பத்திரமாக இருக்கிறது.

தமிழ்நாடு இதில் முன்னால் நடந்த மாநிலம்தான். 1989-லேயே, அப்போது திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தரும் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் இங்கே வந்துவிட்டது. நாடு முழுக்க 2005-ல்தான் வந்தது. சட்டம் இருக்கிறது, சரி. ‘அண்ணனுக்கே விட்டுக்கொடுத்துட்டேன்’ என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சீர்வரிசையோடு திரும்புகிற அக்கா தங்கைகள் எத்தனை பேர் என்பது நம் வீடுகளுக்கே தெரியும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: சம்பாதிப்பது ஒரு வளம். அது யார் கையில் நிற்கிறது, பேரம் முறிந்தால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்ற இரண்டும்தான் அதிகாரத்தைத் தீர்மானிக்கின்றன.

வேலையிடத்தில் அதே இரண்டு எட்டு

இப்போது வீட்டைவிட்டு வெளியே வருவோம். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடப்பதும் பேரம்தான். அதில் தொழிலாளிக்கு எழுந்து போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நூறு நாள் வேலையை வைத்தே சொல்கிறேன். 2005-ல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று வைத்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். உடனே ஒரு புலம்பல் கிளம்பியது: ‘நூறு நாள் வேலை வந்தபிறகு களை எடுக்க ஆளே கிடைக்கலை.’ சிறு விவசாயியின் கஷ்டத்தை நான் கேலி செய்யவில்லை, அது உண்மையான கஷ்டம். ஆனால் அந்தப் புலம்பலை அப்படியே திருப்பிப் போட்டுப் படியுங்கள். ஆண்டாண்டு காலமாகச் சொன்ன கூலிக்குக் குனிந்த பெண்களுக்கு முதல்முறையாகப் பக்கத்தில் இன்னொரு கடை திறந்திருக்கிறது. தனியார் விவசாயக் கூலி ஏறியதை ஆய்வுகளும் காட்டின. நூறு நாள் வேலைக்கே போகாத பெண்ணுக்கும் அந்த ஏற்றத்தில் பங்கு கிடைத்தது. பேர வலிமையின் விசேஷம் இதுதான். வழி ஒன்று இருக்கிறது என்றாலே போதும், அதில் நடந்துதான் காட்ட வேண்டும் என்பதில்லை.

இதற்கு நேர் மறுபக்கம் ‘சுமங்கலித் திட்டம்’. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் பதின்வயதுப் பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். விடுதியில் தங்க வேண்டும். மாதாமாதம் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்வார்கள். பெயரே எவ்வளவு மங்களகரம் பாருங்கள்! ஆனால் அந்த மொத்தத் தொகை அந்தப் பெண்ணின் சொந்தக் கூலிதான், பிடித்து வைத்த கூலி. இரண்டரை வருடத்தில் உடம்பு முடியாமல் கிளம்பினால் அது கிடைக்காமல் போகும். ஆக, ஒவ்வொரு மாதம் வேலை செய்யச் செய்ய விலகுவதன் விலை ஏறிக்கொண்டே போகிறது. வேலை செய்தாள், சம்பாதித்தாள், எண்ணிக்கையிலும் வந்தாள். ஆனால் அவள் வைக்க வேண்டிய இரண்டு எட்டு ஆலையின் பெட்டகத்தில் பூட்டிக் கிடந்தது.

கண்ணியமான வேலை என்றால்

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-ல் தொடங்கியது. 1999-ல் சிலி நாட்டைச் சேர்ந்த ஹுவான் சொமாவியா அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்ததும் ‘கண்ணியமான வேலை’ என்ற கருத்தை முன்வைத்தார். அதில் நான்கு கால்கள். வாழப் போதுமான வேலை இருக்க வேண்டும். வேலையிடத்தில் உரிமை வேண்டும், அதாவது கட்டாய உழைப்பும் பாகுபாடும் கூடாது. நோய், முதுமை, பிரசவம் ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு வேண்டும். கடைசியாக, கூடிப் பேச வழி வேண்டும், அதாவது சங்கம் வைக்கவும் நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசவும் முடிய வேண்டும்.

பலர் இதை ‘கௌரவமான உத்தியோகம்’ என்று புரிந்துகொள்கிறார்கள். ஏசி அறையில் வேலை பார்ப்பது கண்ணியம், கழிவறை சுத்தம் செய்வது கண்ணியக் குறைவு என்ற அர்த்தத்தில். அது சாதி சொல்லிக்கொடுத்த பாடம். இங்கே கண்ணியம் என்பது தொழிலின் பெயரில் இல்லை, அதைச் செய்கிற நிபந்தனைகளில் இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு எழுதிய சம்பளமும் வாரவிடுப்பும் பிரசவ காலப் பணமும் இருந்தால் அது கண்ணியமான வேலை. இரவு பத்து மணிவரை உட்காரவைத்து, கர்ப்பம் என்றதும் ராஜினாமா கடிதம் கேட்கிற அலுவலகம் எத்தனை மாடி உயரமாக இருந்தாலும் அந்தப் பெயருக்குத் தகுதியில்லை.

பீடித் தட்டு சொல்லும் பாடம்

நான்கு கால்களும் எப்படி இருக்கின்றன, எப்படி ஆடுகின்றன என்று பார்க்க நல்ல இடம் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்கள். ஆலங்குளம், முக்கூடல், கடையம் பக்கம் போனால் மத்தியான வேளையில் திண்ணைகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்து பீடி சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பீடிக் கம்பெனியின் கடையிலிருந்து இலையும் புகையிலைத் தூளும் எடை போட்டு வாங்கி வருவார்கள். இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றிக் கட்டுக் கட்டாகக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு.

கேட்க வசதியாகத்தான் இருக்கும். வீட்டிலேயே வேலை, பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம், மேஸ்திரி தலைமேல் நிற்க மாட்டார். ஆனால் கடையில் சோதிக்கிறவர் ‘இது கழிவு’ என்று ஒதுக்கினால் அந்த பீடிகளுக்குக் கூலி இல்லை. கொடுத்த இலை கிழிசலும் ஓட்டையுமாக இருந்தால் எண்ணிக்கை வராது. குறையும் இலையைத் தன் காசில் வெளியே வாங்கிச் சேர்க்க வேண்டும். ஏன் எதிர்த்துக் கேட்பதில்லை? அவர் போய்வரக்கூடிய தூரத்தில் வேறு கடை இல்லை. இரவு ஒன்பது மணிக் கத்தரிக்காய் கதைதான், வருடம் முழுக்க.

அதே சமயம் இந்தத் தொழிலில் ஒரு நல்ல கதையும் உண்டு, அது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், மூலப்பொருளை வாங்கி வீட்டில் வைத்துச் சுற்றுகிற பெண்ணையும் ‘தொழிலாளி’ என்றே வரையறுத்தது. கம்பெனிகள் விடவில்லை. ‘வீட்டில் செய்கிறவர்கள் எங்கள் ஆட்கள் கிடையாது, வருங்கால வைப்பு நிதி எதற்கு?’ என்று உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1985-ல் தீர்ப்பு தொழிலாளி பக்கம் வந்தது. அதனால்தான் இன்றைக்கும், கடையில் தன் பெயரில் பாஸ்புத்தகம் உள்ள பீடித் தொழிலாளிக்கு பி.எஃப். இருக்கிறது. பல வீடுகளில் மகள் கல்யாணமோ ஓட்டுக்கூரை மாற்றமோ அந்தப் பணத்தில்தான் நடந்தது.

இப்போது பக்கத்துத் தெருவில் அதேபோல் வீட்டிலிருந்து அப்பளம் இடுகிற, ஊதுவத்தி உருட்டுகிற, பனியனில் பிசிறு வெட்டுகிற பெண்ணைப் பாருங்கள். அதே திண்ணை, அதே கூலிக் கணக்கு. ஆனால் அவருக்கென்று அப்படி ஒரு தனிச்சட்டம் வரவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கையே கொண்டுவந்தது. அதற்காக மிகவும் பாடுபட்டது அகமதாபாத்தில் 1972-ல் இளா பட் தொடங்கிய ‘சேவா’ என்ற சுயதொழில் பெண்கள் சங்கம். இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

சேவாவின் தொடக்கத்திலேயே ஒரு வேடிக்கை உண்டு. தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது அதிகாரிகள் மறுத்தார்களாம். காரணம், ‘உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?’

முடிச்சுப் போட்டுக்கொள்வோம்: வேலை என்ற முதல் கால் மட்டும் இருந்தால் அது ஒற்றைக்கால் நாற்காலி. உரிமையும் பாதுகாப்பும் சேரும்போதுதான் ஒரு பெண் ‘இந்தக் கூலிக்கு முடியாது’ என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியும்.

தனியாகப் போனால் இரண்டு எட்டு, சேர்ந்து போனால் ஊர்வலம்

நான்காவது காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பெண் வேலையைவிட்டு விலகினால் முதலாளி இன்னொருத்தியை எடுத்துக்கொள்வார். ஆறாயிரம் பேர் சேர்ந்து கையை மடக்கினால்?

2015 செப்டம்பரில் மூணாறில் அது நடந்தது. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தலைமுறைகளாக அங்கே குடியேறிய தமிழ்ப் பெண்கள், போனஸைக் குறைத்ததும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். தோட்டத்தில் சங்கங்கள் இல்லாமல் இல்லை, எல்லாக் கட்சிக்கும் ஒன்று இருந்தது. எல்லாவற்றிலும் தலைவர்கள் ஆண்கள். ‘எங்களுக்காக நீங்கள் பேச வேண்டாம்’ என்று அவர்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு ‘பெண்பிளை ஒருமை’ என்ற பெயரில் தாங்களே பேசினார்கள். சில நாட்களிலேயே போனஸில் அவர்கள் கேட்ட 20 சதவீதக் கணக்கு நிறைவேறியது. அதன் தொடர்ச்சியாக நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. கேட்டது 500. முழுதும் கிடைக்கவில்லை, ஆனால் யார் பேச்சுவார்த்தை மேசையில் உட்காருவது என்ற கேள்வி அன்றோடு மாறிப்போனது.

திண்டுக்கல்லில் வேறு மாதிரி. ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021-ல் கொல்லப்பட்ட பிறகு, பெண்களே நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் நின்றது. 2022-ல் ஆலை நிறுவனமும் அதனிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டும் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன. பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்ல ஒவ்வொரு பிரிவிலும் தொழிலாளர்களிலிருந்தே ஆட்கள். ஆலை சரி செய்யாவிட்டால் வாங்குகிறவர் வியாபாரத்தில் கை வைப்பார். இங்கே பேர வலிமை எங்கிருந்து வந்தது என்று கவனித்தீர்களா? கடல் தாண்டி உள்ள வாடிக்கையாளரிடமிருந்து.

சிறிய வெற்றிகளும் உண்டு. துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண் பத்து மணி நேரம் நின்றுகொண்டே இருப்பதை நாம் எத்தனை தீபாவளிக்குப் பார்த்திருப்போம்! கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்று சேர்ந்து போராடியதில், உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-ல் திருத்தியது. உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அடுத்தமுறை கடைக்குப் போகும்போது முக்காலி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

எண்களை எப்படிப் படிப்பது

செய்தியில் அடிக்கடி வரும் ஒரு சொல் ‘தொழிலாளர் பங்கேற்பு விகிதம்’. வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் என்பதுதான் அது. இந்தியாவில் 15 வயதைக் கடந்த பெண்களுக்கு இது 2017-18-ல் 23.3 சதவீதம். 2023-24-ல் 41.7 சதவீதம். ஆறு வருடத்தில் இவ்வளவு ஏற்றமா என்று கைதட்டத் தோன்றும்.

கைதட்டும் முன்னால் உள்ளே எட்டிப் பார்க்கலாம். அதே ஆண்டுகளில் வேலை செய்யும் பெண்களில் ‘சுயதொழில்’ வகையினர் 51.9 சதவீதத்திலிருந்து 67.4 ஆக ஏறினார்கள். மாதச் சம்பளம் வாங்குபவர்களின் பங்கு 21-லிருந்து 15.9 ஆக இறங்கியது. சுயதொழில் என்றதும் கடை வைத்து நடத்தும் தொழில்முனைவர் ஞாபகத்துக்கு வருவார். கணக்கெடுப்பில் அதற்குள் ‘குடும்பத் தொழிலில் உதவியாளர்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கணவரின் வயலிலோ பெட்டிக்கடையிலோ கூலியே வாங்காமல் வேலை செய்கிறவர். 2023-24-ல் வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தப் பிரிவுதான். அவர் உழைப்பைக் கணக்கில் எடுத்தது நல்லது, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணைக் காட்டி அவருக்கு அதிகாரம் வந்துவிட்டது என்று சொல்வது தப்பு.

எண் இறங்கினாலும் உடனே அழ வேண்டியதில்லை என்பது இன்னொரு விநோதம். 2023-ல் பொருளியல் நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் இருநூறு ஆண்டுகளைப் புரட்டிப் பார்த்து ஒரு வளைவைக் காட்டினார். விவசாய காலத்தில் பெண்கள் நிறைய வேலை செய்தார்கள், தொழிற்சாலைகள் வந்தபோது அது குறைந்தது, படிப்பும் அலுவலக வேலையும் பெருகியபோது மறுபடி ஏறியது. நம் ஊரிலும் கணவர் வருமானம் கொஞ்சம் உயர்ந்ததும் முதலில் நிறுத்துவது மனைவியின் கூலி வேலையைத்தான். ‘இனிமே நீ வெயில்ல போக வேண்டாம்’ என்பதில் பாசமும் இருக்கிறது, ஊர் என்ன சொல்லும் என்ற கணக்கும் இருக்கிறது. போன வேலை அந்த லட்சணத்தில் இருந்ததால் அவருக்கும் அது நிம்மதியாகவே படலாம்.

அப்புறம், நேரம். 2019-ல் நாடு முழுக்க நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஆண்களில் அந்த வேலையைச் செய்பவர்களுக்கு 97 நிமிடம். ஐந்து மணி நேரத்தைக் கழித்துவிட்டு மிச்ச நாளில்தான் ஒரு பெண் வேலை தேட வேண்டும். ‘வீட்டுப் பக்கத்துலயே ஏதாவது இருந்தா பரவாயில்லை’ என்று அவர் சொல்வது சோம்பலால் என்று யாராவது சொன்னால், அந்த ஐந்து மணி நேர வேலையை ஒரு வாரம் அப்படிச் சொன்னவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். பக்கத்தில் மட்டும்தான் தேட முடியும் என்றால் கடைகளின் எண்ணிக்கை குறைகிறது. கடை குறைந்தால் பேரம் போயிற்று.

குழுக்கடன், உரிமைத்தொகை, பஸ்

டீக்கடைப் பேச்சுக்கு வருவோம். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கின. சேமிப்புப் பழக்கம், வங்கிப் படியேறும் தைரியம், ஊர்க்கூட்டத்தில் வாய் திறப்பது என்று அவை தந்தது நிறைய. ஆனால் கடன் என்பது வருமானம் கிடையாது. மனைவி பெயரில் எடுத்து, கணவர் வண்டி வாங்கி, வாரத் தவணையை மட்டும் மனைவி கட்டினால் அங்கே அவருடைய பேர வலிமை கூடவில்லை, குறைந்திருக்கிறது. தவணை நாளன்று எந்தக் கூலிக்கும் ‘சரி’ என்று சொல்ல வேண்டிய நிலை வரும். குழு நல்லதா கெட்டதா என்று ஒரே போடாகச் சொல்வதைவிட, கடனை யார் செலவழித்தார், யார் கட்டுகிறார் என்று கேட்பது மேல்.

2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகையில் மாதம் ஆயிரம் ரூபாய். வேலையிடத்து நிபந்தனைகளை அது மாற்றாது. ஆனால் யாரிடமும் கேட்காமல் எடுக்கக்கூடிய ஆயிரம், மூன்று நாள் ‘வேண்டாம்’ என்று சொல்லும் தெம்பு. 2021-ல் வந்த கட்டணமில்லாப் பேருந்தை நான் இன்னும் மேலே வைப்பேன். கிராமத்துப் பெண்ணுக்கு டவுன் கடைவீதியைப் பக்கத்தில் கொண்டுவந்தது அது. கைக்கு எட்டும் கடைகள் பெருகின. ‘ஓசி’ என்று கேலி பேசுகிறவர்களுக்குப் பொருளாதாரம் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பிள்ளையை யார் பார்ப்பது?

எல்லாம் சேர்ந்து கடைசியில் இந்தக் கேள்வியில் வந்து முட்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள், விடுப்பையும் 26 வாரமாக்கினார்கள். ஆனால் பெரும்பாலான பெண்கள் வேலை செய்வது ஐம்பது பேர் இல்லாத இடங்களில். அவர்களுக்கு இருப்பது அங்கன்வாடி. அதன் கதவு சாயங்காலத்துக்குள் மூடிவிடும், வேலை நேரம் அதற்குள் முடியாது.

அந்தக் கதவைத் திறந்துவைத்து, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறூட்டித் தூங்கவைத்து, மற்றப் பெண்கள் வேலைக்குப் போக வழி செய்து கொடுக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கு 1975-ல் திட்டம் தொடங்கியது முதல் மத்திய அரசின் கணக்கில் சம்பளம் கிடையாது, ‘மதிப்பூதியம்’ என்றுதான் பெயர். பணிக்கொடை பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லவே 2022-ல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் அவர்கள் வாங்குவதற்குச் ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’ என்று பெயர். அவர்கள் ஒவ்வொரு முறையும் சாலையில் உட்கார்ந்து கேட்பது, அந்தச் ‘சிறப்பு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றுதான்.